அபிக்கு ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

செல்வி: மைனி, ஆன்லைனில் ஏர் பியூரிஃபையர் ஆஃபர் போட்டிருக்கிறார்கள். அபி படுக்கும் அறைக்கு ஒன்று எடுக்கட்டுமா? சாரல் தொடங்கியதிலிருந்து விடியற்காலையில் ஒரே இருமலும் வீசிங்கும்தான். அலர்ஜி டெஸ்டில் தூசிப்பூச்சி, பூனை இரண்டும் ஆகாது என்று வந்ததே.

மேரி மைனி: எடுக்கலாம் மக்களே. ஆனால் தூசிப்பூச்சிக்கு அதை மட்டும் நம்பாதே. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி மெத்தையிலும் தலையணையிலும்தான் கிடக்கும், நம் தோலில் உதிரும் பொடிதான் அதற்குத் தீனி. அதன் கழிவு கனமான துகள். படுக்கையைத் தட்டினால் எழும்பும், கொஞ்ச நேரத்தில் படிந்துவிடும். மிஷின் இழுக்கும்வரை காற்றில் நிற்காது. பிள்ளை தலையணையில் முகம் புதைத்துப் படுத்தால் நேரே மூக்குக்குள் போகும்.

ராஜன் அண்ணன்: அப்போ இந்தச் செலவு எதற்கு?

மேரி மைனி: பூனையின் எச்சில், தோல் பொடி எல்லாம் லேசு, மணிக்கணக்கில் மிதக்கும். புகையும் அப்படித்தான். அதற்கெல்லாம் மிஷின் நல்லது. பிள்ளைகள் படுக்கும் அறையில் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் நுண்தூசி நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆஸ்துமா தொல்லை சிலருக்குக் குறைந்தது, சிலருக்குப் பெரிய மாற்றமில்லை.

செல்வி: எதைப் பார்த்து வாங்க?

மேரி மைனி: ட்ரூ ஹெப்பா ஃபில்டர் என்று இருக்க வேண்டும், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது. அப்புறம் சிஏடிஆர், அதாவது மிஷின் மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்று தரும் என்ற அளவு. உன் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடிதானே? மணிக்கு 140 கன மீட்டருக்குக் குறையக் கூடாது. கூடுதலாக இருந்தால் மெதுவாக, சத்தமில்லாமல் ஓடும், பிள்ளை தூங்கும்போது சத்தம் என்று மிஷினை நிறுத்தவும் மாட்டாய். ஓசோன் விடுகிற மாடல் வேண்டவே வேண்டாம், அது மூச்சுக்குழாயைக் கெடுக்கும். ஓடும்போது கதவு, ஜன்னல் சாத்தியிருக்கட்டும்.

அம்மா: கொசுவத்தி வைக்காமல் பிள்ளை எப்படித் தூங்கும்? ரப்பர் தோட்டத்துக் கொசு கடித்துப் பிடுங்குமே.

மேரி மைனி: மாமி, கொசுவலை கட்டுங்கள். ஒரு பக்கம் புகை போட்டு, மறுபக்கம் மிஷின் ஓட்டிப் பலனில்லை. பக்கத்துப் புரையில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் நாளிலும் ஜன்னலைச் சாத்துங்கள்.
செல்வி, மழை என்று அந்த அறைக்குள் கயிறு கட்டி ஈரத்துணி போடுகிறாயே, அதை இன்றைக்கே எடு. ஈரம் இருந்தால் பூச்சி பெருகும். விரிப்பு, தலையணை உறை எல்லாம் வாரம் ஒருமுறை கொதிக்கிற மாதிரி சூடான நீரில் முக்கித் துவை. மெத்தைக்கு ஜிப் வைத்த உறை போடு. பூனை அறைக்குள் வரவே கூடாது.

செல்வி: சரி மைனி. மிஷின் வந்தால் காலையில் அடிக்கிற பிரவுன் இன்ஹேலரை நிறுத்தலாமா?

மேரி மைனி: ஐயோ, கூடாது! அதுதான் பிள்ளையின் நெஞ்சைக் காப்பது. டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட விடாதே.

ராஜன் அண்ணன்: நாளை நாகர்கோவில் போகிறேன். மெத்தை அளவு அனுப்பு, உறை வாங்கி வருகிறேன்.

செல்வி: ஆறே கால் அடி நீளம், நாலடி அகலம், ஐந்து அங்குலக் கனம். இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு இருக்கிறது அண்ணா, அதற்கும் சேர்த்து.