பிறந்தநாளும் மெழுகுதிரியும்: அம்மம்மா சொல்வது சரியா?

கனகராயன்குளத்தான்:
வருகிற வெள்ளி மகளுக்கு 5 வயது. கிளிநொச்சியில் கேக்குக்குச் சொல்லிவிட்டேன். அம்மம்மாவின் முகம் சரியில்லை. "விளக்கை ஆரும் வாயால ஊதி நூப்பினமோ? எல்லாம் வெள்ளைக்காரன்ர பழக்கம்" என்கிறார். உண்மையா?

குளக்கட்டு வாத்தி:
மெழுகுதிரி விசயத்தில் ஆச்சி சொல்வது சரி. கேக்கில் திரி ஏற்றுவது 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் இருந்த வழக்கம். ஆனால் பிறந்தநாள் கொண்டாட்டம் மிகப் பழையது. பாரசீகர் வேறெந்த நாளையும் விடப் பிறந்தநாளையே பெரிதாகக் கொண்டாடினர், வசதியானவர்கள் மாட்டையோ ஒட்டகத்தையோ முழுதாகச் சுட்டுப் பரிமாறினர் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். நம் தொல்காப்பியத்திலும் 'பிறந்த நாள்வயின் பெருமங்கலம்' உண்டு. அன்று அரசன் கோபத்தை விட்டுவிடுவானாம். (வீட்டுக்காரருக்கும் இது நல்லதுதான்.)

முள்ளியவளைப் பிள்ளை:
எங்கள் வீட்டில் திகதி பார்ப்பதில்லை, நட்சத்திரம்தான். 2009 இடப்பெயர்வில் என் பிறப்புச் சான்றிதழ் போய்விட்டது. அம்மாவின் சீலைப் பைக்குள் கிடந்த சாதகக் கொப்பி மட்டும் தப்பியது. மாசி, உத்தரட்டாதி. சந்திரன் சுமார் 27 நாளில் ஒரு சுற்று வருவதால் ஆங்கிலத் திகதி ஆண்டுக்காண்டு மாறும். ஒரே தமிழ் மாதத்தில் அந்த நட்சத்திரம் இரண்டு தடவை வந்தால் பிந்தியதை எடுப்போம்.

கனகராயன்குளத்தான்:
சரி, காலையில் புக்கை (பொங்கல்), பின்னேரம் திரியில்லாத கேக் என்று பேசி முடித்தேன். இப்போது அம்மம்மா கேட்கிறார்: "வெள்ளிக்கிழமையில கேக்குக்குள்ள முட்டை போடுவினமோ?"