அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஹானர்ஸ் ஜியோமெட்ரி: இந்த ஆண்டு வந்து சேர்ந்த பெற்றோருக்கு

பள்ளி திறந்த முதல் வாரத்தில், ஹானர்ஸ் ஜியோமெட்ரி, அதாவது சாதாரண வகுப்பைவிட ஆழமாக நடத்தப்படும் வடிவியல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு மூன்று பக்கத் தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படும், தாமதமாகக் கொடுக்கும் வீட்டுப்பாடத்துக்கு என்ன நேரும், தேர்வை மறுபடி எழுத இடமுண்டா என்பனவெல்லாம் அதில் இருக்கும். பல பள்ளிகளில் மாணவரோடு பெற்றோரும் அதில் கையொப்பமிட வேண்டும். தயவுசெய்து அதை வரிவரியாகப் படித்த பிறகே கையொப்பமிடுங்கள். முதல் மதிப்பெண் அறிக்கை வந்தபின் நம்மவர்கள் கேட்கும் கேள்விகளில் பலவற்றுக்கு விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது.

இங்கே கணிதம் பெரும்பாலும் அல்ஜீப்ரா 1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ் (நுண்கணிதத்துக்கு முந்தைய பாடம்) என்று ஆண்டுக்கொன்றாகப் பிரித்துக் கற்பிக்கப்படுகிறது. வட கரோலினா, யூட்டா போன்ற மாநிலங்களில் எல்லாவற்றையும் கலந்து மேத் 1, மேத் 2, மேத் 3 என்று நடத்துகிறார்கள். முக்கோணவியல் பல பள்ளிகளில் ஜியோமெட்ரி ஆண்டின் பிற்பகுதியில் வரும்; ஹானர்ஸ் பிரிவு சைன் விதி, கொசைன் விதி வரையிலும், சில இடங்களில் ரேடியன் (பாகை போலக் கோணத்தை அளக்கும் மற்றோர் அலகு), அலகு வட்டம் (ஆரம் 1 உள்ள வட்டம்) வரையிலும் செல்லும்.

நம் பிள்ளைகள் தடுமாறுவது கணக்குப் போடுவதில் அன்று, நிரூபணம் எழுதுவதில்தான். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலும் தேல்ஸ் தேற்றத்தின் நிரூபணம் கூற்று, காரணம் என்று கட்டம் போட்டுத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது என்றாலும், அதை மனப்பாடம் செய்து தேர்வில் அப்படியே எழுதிவிட முடியும். இங்கே தேர்வுதோறும் மாணவர் அதற்குமுன் பார்த்திராத ஒரு படம் வரும். இடப்பக்கம் கூற்றும் வலப்பக்கம் காரணமுமாக, வரிக்கு வரி அவரே எழுத வேண்டும். இரண்டு முக்கோணங்களுக்கு ஒரு பக்கம் பொதுவாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், அந்தப் பக்கம் தனக்குத் தானே சமம் என்பதைத் தனி வரியாக எழுதாவிட்டால் மதிப்பெண் குறையும். படத்தில் செங்கோணம் போலத் தோன்றுவதைச் செங்கோணம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சிறு சதுரக் குறி இருக்க வேண்டும், அல்லது கொடுக்கப்பட்ட செய்திகளிலிருந்து அது வருவிக்கப்பட வேண்டும். பக்கம்–கோணம்–பக்கம் சர்வசமத்தைத் தரும், ஆனால் கோணம் இரு பக்கங்களுக்கும் இடையில் இல்லாதபோது பொதுவாகத் தராது. அது ஏன் என்று படம் வரைந்து விளக்கச் சொல்வதும் ஹானர்ஸ் பிரிவில் உண்டு. பல பாடத்திட்டங்களில் சர்வசமம் என்பதையே நகர்த்தல், சுழற்றல், பிரதிபலித்தல் ஆகியவற்றின் வழியாக வரையறுக்கிறார்கள், இது நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதிது. எனவே விடை சரியாக இருந்தும் பாதி மதிப்பெண்தான் வந்தது என்று பிள்ளை சொன்னால், ஆசிரியர் மேல் குறைபட்டுக்கொள்ளாமல், எந்த வரியில் காரணம் விடுபட்டது என்று தாளை வாங்கிப் பாருங்கள்.

முக்கோணவியலில் நம்மவர்களுக்கு ஓரளவு முன்னிலை உண்டு. முற்றொருமைகளும் ஏற்றக்கோணக் கணக்குகளும் ஊரிலேயே பழகியவை. அடி, அங்குலம், மைல் என்ற அளவுகளுக்குப் பழகிக்கொண்டால் போதும். கால்குலேட்டர் பயன்பாடுதான் புதிது. டி.ஐ. 84 என்ற வரைபடக் கால்குலேட்டர் அல்லது டெஸ்மோஸ் என்ற இணையக் கால்குலேட்டர் இருக்கும் துணிவில், பாகையில் வைக்க வேண்டிய கருவியை ரேடியனில் வைத்து விடையைக் கெடுத்துக்கொள்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். தோராயமில்லாத சரியான மதிப்பு (exact value) என்று வினாவில் கேட்டிருந்தால் வர்க்கமூலக் குறியோடு எழுத வேண்டும். தசமத்தில் எழுதினால் ஏற்கமாட்டார்கள்.

மதிப்பெண் ஒரே இறுதித் தேர்வில் தீர்மானிக்கப்படுவதில்லை. அலகுத் தேர்வு, சிறு வினாத்தாள், வீட்டுப்பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விழுக்காடு உண்டு. அதனால் ஊரில் செய்ததுபோல் கடைசி மாதத்தில் இரவு பகலாகப் படித்து ஈடுகட்டிவிட முடியாது. புளோரிடாவில் ஆண்டிறுதி மாநிலத் தேர்வு மொத்த மதிப்பெண்ணில் 30 விழுக்காடு என்பதால், அங்கே இருப்பவர்கள் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வீட்டுப்பாடத்தை நண்பரிடமிருந்து படியெடுப்பதும், செல்பேசிச் செயலியில் படம்பிடித்து விடை எடுப்பதும் இங்கே ஒழுங்கு மீறலாகப் பதிவாகும். அதே வேளையில், பள்ளி தொடங்குமுன்போ முடிந்தபின்போ ஆசிரியரிடம் போய் உதவி கேட்பதை இவர்கள் குறையாக எண்ணுவதில்லை, அதை எதிர்பார்க்கவே செய்கிறார்கள். சந்தேகம் கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடும் என்ற கூச்சத்தை நம் பிள்ளைகள் விடுவதற்குச் சில மாதங்கள் ஆகின்றன. ஆசிரியருக்கு மின்னஞ்சலை முதலில் பிள்ளையே எழுதட்டும். பெற்றோர் எழுதுவது அதற்குப் பிறகு.

டெக்சாஸிலிருந்து ஒரு தாயார் கேட்டது: "ஐயா, மகள் ஊரில் ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டாள். கவுன்சிலர் (பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர்) சாதாரண ஜியோமெட்ரியில் சேர்க்கிறார். ஹானர்ஸ் கேட்டு வற்புறுத்தலாமா?"

கேட்கலாம் அம்மா, ஆனால் வற்புறுத்துமுன் மகளின் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் ஆங்கிலத்தில் கொண்டுபோய்க் காட்டி, தகுதித் தேர்வு உண்டா என்று விசாரியுங்கள். பல பள்ளி மாவட்டங்களில் ஹானர்ஸ் வகுப்புக்கு ஜிபிஏவில் (எல்லாப் பாடங்களின் சராசரி மதிப்பெண்ணில்) கூடுதல் எடை தருகிறார்கள் என்பது உண்மைதான். அந்த எடைக்காக மட்டும் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. மகளால் ஆங்கிலத்தில் காரணங்களை எழுதிக்காட்ட முடிகிறதா என்பதே முக்கியம். பாடநூலிலிருந்து ஒரு நிரூபணத்தைக் கொடுத்து, புத்தகத்தை மூடிவைத்து எழுதச் சொல்லுங்கள். பிறகு எழுத்துகளை மாற்றி, படத்தைத் திருப்பி வரைந்து மறுபடியும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதும் வந்துவிட்டால் துணிந்து ஹானர்ஸ் கேளுங்கள். வராவிட்டால், வகுப்பு மாற்றிக்கொள்ளும் கடைசித் தேதியைக் கவுன்சிலரிடம் கேட்டுவைத்துக்கொண்டு சாதாரண வகுப்பிலேயே தொடங்கட்டும்.