ஏரிப் பாசி நஞ்சு: கண்டதையும் சோதித்ததையும் பகிருங்கள்

நீர் மாதிரி எடுப்பவர்:

ஏரியிலோ ஈரநிலத்திலோ நீலப்பச்சைப் பாசியின் நஞ்சைக் கண்காணிப்பவர்களும் அதன் பாதிப்பை நேரில் பார்த்தவர்களும் தங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள். எத்தனை மைக்ரோகிராம் வந்தால் ஆபத்து என்று கையேடுகள் சொல்லிவிடும். பாட்டிலை எந்த இடத்தில், எந்த நேரத்தில் முக்குவது என்பதுதான் கரையில் நிற்கிறவருக்குத் தலைவலி. முதலில் நான் சொல்கிறேன்.

எங்கள் ஏரியில் வழக்கமான மாதிரிப் புள்ளி நடுநீரில் இருந்தது. வெயில் ஏறிய பிறகு படகில் போய் எடுப்போம். நீலப்பச்சைப் பாசியின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சான மைக்ரோசிஸ்டினின் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் வரும். ஆனால் கரையில் இறங்கிக் குளித்தவர்களுக்குத் தோல் அரிப்பு, வாந்தி என்று அடிக்கடி பேச்சு வந்துகொண்டே இருந்தது. அப்புறம் ஒருமுறை விடியற்காலையில் அந்தக் கரைக்கே போனோம். காரணம் கண்முன்னால் கிடந்தது.

இந்த நஞ்சை உண்டாக்கும் பாசிகளில் ஒன்றான மைக்ரோசிஸ்டிஸின் செல்களுக்குள் நுண்ணிய வாயுக் குமிழ்கள் உண்டு. இரவில் காற்று அடங்கி நீர் அசையாமல் இருந்தால், கூட்டம் கூட்டமாக மேலே மிதந்து வந்துவிடும். பிறகு மெல்லிய காற்று ஒன்று போதும், ஏரி முழுக்கப் பரவியிருந்தது ஒரே கரையில் வந்து ஒதுங்கும். 1878-இல் தென் ஆஸ்திரேலியாவின் அலெக்ஸாண்ட்ரினா ஏரியில் கால்நடைகள் செத்ததைப் பற்றி எழுதிய ஜார்ஜ் பிரான்சிஸ், அந்தப் படலத்தைப் பச்சை எண்ணெய்ப் பெயின்ட்டுக்கு ஒப்பிட்டார். நாங்கள் பார்த்ததும் அதேதான். காற்று வலுத்ததும் அது கலைந்து நீருக்குள் கலந்துவிட்டது. பகலில் படகேறுகிறவருக்கு அங்கே அப்படி ஒன்று இருந்த தடயமே தெரியாது.

கரையில் எடுத்த மாதிரி நடுநீரைவிடப் பல நூறு மடங்கு கூடுதலாக வந்தது. குளிப்பது, விளையாடுவது போன்றவற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு லிட்டருக்கு 24 மைக்ரோகிராம். அதையெல்லாம் எங்கோ தாண்டிப் போயிருந்தது. இப்போது நடுநீர் மாதிரியை ஏரியின் நிலையை அறிய எடுக்கிறோம், கரை மாதிரியை மனிதர்களுக்காக எடுக்கிறோம். ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வகத்தில் வேலை செய்பவர்:

பாட்டில் வந்து சேரும் நிலையைப் பார்த்தே முடிவை எவ்வளவு நம்பலாம் என்று பாதி சொல்லிவிடுவேன். தயவுசெய்து பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டிலில் எடுங்கள். சில வகைப் பிளாஸ்டிக்கின் சுவரில் நஞ்சு ஒட்டிக்கொள்ளும், அந்த அளவு எங்கள் கணக்கில் வராமலே போய்விடும். வெளிச்சம் படாமல் ஐஸில் வைத்து அனுப்புங்கள். குழாய் நீர் என்றால் எடுத்த உடனே குளோரினை முறிக்கும் தையோசல்பேட் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள் இருக்கும் குளோரின் வழி முழுக்க நஞ்சைச் சிதைத்துக்கொண்டே வரும். குழாயில் இருந்தது ஒன்று, எங்களுக்குக் கிடைப்பது வேறொன்று என்றாகிவிடும். நரம்பைத் தாக்கும் பாசி நஞ்சான அனாடாக்சின்-ஏ இன்னும் மோசம். வெளிச்சத்திலும் காரத்தன்மை கூடிய நீரிலும் வேகமாக அழிந்துவிடும். பாசி மண்டிய நீர் பகலில் காரமாகத்தான் இருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பாசி உயிரோடு இருக்கும்வரை மைக்ரோசிஸ்டினில் பெரும்பகுதி செல்லுக்குள்தான் இருக்கிறது. நீரை உறைய வைத்து, உருக்கி, இதை மூன்று முறை செய்து செல்களை உடைத்த பிறகுதான் நாங்கள் அளக்கிறோம். கரையிலேயே சோதிக்கும் பட்டைகளில் சிலர் இந்தப் படியை விட்டுவிட்டு நீரை நேரடியாக விட்டுப் பார்க்கிறார்கள். அடர்பச்சையாக இருந்த ஒரு மாதிரிக்கு அப்படி ‘இல்லை’ என்று முடிவு எழுதி வந்தது. அதே பாட்டில் நீரின் செல்களை உடைத்து எலிசா என்ற எதிர்ப்புரதச் சோதனையில் பார்த்தபோது அதன் தட்டின் உச்ச அளவையும் தாண்டி, பலமுறை நீர்க்கச் செய்துதான் படிக்க முடிந்தது. அந்த நீரை மாடு குடித்தால் செல்கள் உடைவது மாட்டின் வயிற்றில். ஆகவே, செல்லை உடைக்காமல் எடுத்த எண்ணை வைத்து ஏரியைத் திறந்துவிடாதீர்கள்.

எலிசா எண்ணும் திரவ நிறப்பகுப்பியும் நிறைமாலைமானியும் சேர்ந்த கருவியின் எண்ணும் ஏன் ஒத்துவரவில்லை என்று அடிக்கடி கேட்கிறார்கள். மைக்ரோசிஸ்டினில் 250-க்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொதுவான அட்டா என்ற அமினோ அமிலத்தை எலிசா பிடிக்கிறது, அதனால் மொத்தமாக ஒரு எண் தரும். கருவியோ நம்மிடம் ஒப்பீட்டுத் தரம் இருக்கும் வகைகளை மட்டும் தனித்தனியாகச் சொல்லும். இரண்டும் சரிதான். மக்களை எச்சரிக்க எலிசா போதும் என்பேன். அதற்காகக் காத்திருக்கும் நேரம்தான் நமக்குக் கட்டுப்படியாகும்.

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இருப்பவர்:

செல்லுக்குள் இருக்கிறது என்று மேலே சொன்னது எங்கள் வேலையையே தலைகீழாக மாற்றியது. ஏரியில் பாசி வந்தால் முதலில் குளோரினைக் கூட்டு என்பதுதான் பழைய பழக்கம். அது செல்லை உடைத்து நஞ்சை நீரில் கரைத்துவிடும். முழுச் செல்லாக இருக்கும்போதே படிய வைத்து வடிகட்டினால் பெரும்பகுதி வெளியே போய்விடும். அதனால் பாசிக் காலத்தில் முதல்கட்டக் குளோரினை நிறுத்துகிறோம், வடிகட்டிகளை அடிக்கடி கழுவுகிறோம், கசடுத் தொட்டியின் மேல்நீரைத் திரும்ப உள்ளே விடுவதில்லை. கரைந்துவிட்ட நஞ்சுக்குத் தூள் கரி. கடைசிக் கட்டக் குளோரின் மைக்ரோசிஸ்டினைச் சிதைக்கும், ஆனால் நீரின் பிஎச் 8-க்குக் கீழே இருக்க வேண்டும், போதிய நேரமும் தர வேண்டும். அனாடாக்சின்-ஏவிடம் குளோரின் எடுபடாது.

ஏரியிலேயே மருந்து போட்டுக் கொன்றுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் நடந்ததைச் சொல்வேன். குடிநீர் அணையில் மண்டிய பாசிக்கு மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர் மருத்துவமனையில், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்ற நஞ்சு பிறகு அந்த நிகழ்வின் வழியாகத்தான் கண்டறியப்பட்டது. 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வந்தவர்களின் ரத்தத்தோடு மைக்ரோசிஸ்டின் கலந்த நீர் சேர்ந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நஞ்சு அவர்களுக்குள் போனது குடித்ததால் அல்ல.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று மக்கள் நம்புவதுதான் எனக்குப் பெரிய கவலை. மைக்ரோசிஸ்டின் கொதிநிலையில் அழியாது. நீர் ஆவியாகி நஞ்சின் அடர்த்தி கூடத்தான் செய்யும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோவில், ஈரி ஏரி நீரைக் குடித்துவந்த சுமார் 4 லட்சம் பேருக்குக் ‘குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்’ என்று அறிவித்தார்கள். எங்கள் அவசர அறிவிப்பிலும் அந்த இரண்டாவது வரியைப் பெரிய எழுத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.

கால்நடை மருத்துவர்:

எனக்கு அழைப்பு வரும்போது பெரும்பாலும் மாடு விழுந்திருக்கும். நடுக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல், சில சமயம் குளத்துக்குப் பக்கத்திலேயே சாவு என்றால் அனாடாக்சினைச் சந்தேகிப்பேன். மைக்ரோசிஸ்டின் கொஞ்சம் அவகாசம் தரும், சில மணி நேரமோ ஓரிரு நாளோ. அறுத்துப் பார்த்தால் கல்லீரல் ரத்தம் கோத்து வீங்கியிருக்கும்.

குவானிடாக்சின் என்று ஒன்று இருக்கிறது. இதுவும் பாசி நஞ்சுதான். சில பூச்சிமருந்துகள் தாக்கும் அதே நொதியைத்தான் இதுவும் முடக்குகிறது, வாயில் எச்சில் வழிவதும் அப்படியே. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து நிலத்துக்காரர்மேல் பழி விழுந்த ஒரு சம்பவத்தில், குளத்து நீரையும் இரைப்பையில் இருந்ததையும் உறைய வைத்து அனுப்பியதால்தான் உண்மை வெளிவந்தது. கால்நடை செத்தால் புதைக்கும் அவசரத்தில் இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே எடுக்க வேண்டும். காற்று திசை மாறினால் மறுநாள் அந்தக் கரையில் ஒன்றும் இருக்காது.

நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ரோமத்தில் ஒட்டியதை நக்கியே உள்ளே இழுத்துக்கொள்ளும். நீரிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

ஈரநிலப் பறவைகளைக் கணக்கெடுப்பவர்:

ஈரநிலத்தில் இந்த வேலை ஏரியைவிடக் குழப்பமானது. கோடையில் நீர் வற்றி வாத்துகள் சாகும்போது எல்லோரும் பாட்டுலிசம், அதாவது ஒரு பாக்டீரியா நஞ்சால் வரும் வாதம் என்று எழுதிவிடுகிறார்கள். கழுத்து துவண்டு கிடந்தால் அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் பாசி மண்டுவதும் அதே வெயிலில், அதே வற்றிய நீரில்தான். எங்கள் குழு இப்போது செத்த பறவையின் கல்லீரல், இரைப்பை, பக்கத்து நீர் மூன்றையும் சேர்த்தே அனுப்புகிறது. செயற்கைக்கோள் படம் எங்களுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. சென்டினல்-3 படத்தில் ஒரு புள்ளியே 300 மீட்டர், எங்கள் நீர்ப்பரப்புகள் பலவும் அதற்குள் அடங்கிவிடும்.

நீரை மட்டும் சோதித்தால் போதும் என்று நினைப்பவர்கள் அமெரிக்கக் கழுகுகளின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1994-இல் ஆர்கன்சாவின் டிகிரே ஏரியில் கழுகுகள் பறக்கத் தடுமாறிச் செத்தன. மூளையில் ஓட்டை ஓட்டையாகச் சேதம். காரணம் முழுதாகத் தெரிய 2021 ஆகிவிட்டது. ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலைக்கு அடியில் ஒட்டி வளரும் ஒரு சயனோபாக்டீரியா, அதாவது நீலப்பச்சைப் பாசி. அதைத் தின்னும் நாமக்கோழிகளைக் கழுகு பிடித்துத் தின்கிறது. ஆய்வகத்தில் வளர்த்தபோது அது நஞ்சே உண்டாக்கவில்லை, புரோமைடு சேர்த்த பிறகுதான் உண்டாக்கியது. அங்கே நீரை எத்தனை பாட்டிலில் மொண்டிருந்தாலும் கையில் கிடைத்திருக்காது. தெளிந்த நீருக்கு அடியில் கல்லின்மேல் படரும் பாசிப் பாயும் இப்படித்தான். நியூசிலாந்து ஆறுகளில் நாய்கள் செத்தது அந்தப் பாயைத் தின்றுதான்.

நீர் மாதிரி எடுப்பவர்:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. படலம் மறைந்ததும் கரையில் வைத்த எச்சரிக்கைப் பலகையை எடுத்துவிடலாமா என்று தனியே கேட்டிருந்தார்கள். கூடாது. பாசி சாகும்போதுதான் நஞ்சு நீரில் கரைகிறது. நிறம் தெளிந்த பிறகும் சில வாரம் வரை நாங்கள் அதைக் கண்டிருக்கிறோம். அடுத்தடுத்த இரண்டு வார மாதிரிகளும் அளவுக்குக் கீழே வந்தால்தான் எங்கள் பலகை இறங்கும். ஏரியை நம்பிப் பிழைப்பவர்கள் கோபப்படுகிறார்கள், அவர்களிடம் முடிவுத் தாளையே காட்டிப் பேசுகிறோம்.

இலைக்கு அடியிலும் கல்லின்மேலும் இருப்பதை எங்கள் திட்டம் இதுவரை தொடவில்லை. வரும் பருவத்தில் அதையும் சேர்க்கப் போகிறோம். செடி மாதிரியை முறையாக எடுத்தவர்கள் இருந்தால், எவ்வளவு எடை எடுத்தீர்கள், நீரோடு சேர்த்து உறைய வைத்தீர்களா, தனியாகவா என்று எழுதுங்கள்.