கருநிற முகத்தில் ஒளி ஏற்றும்போது சாம்பல் பூக்கிறது: எங்கே தவறுகிறேன்?

கேள்வி:

வணக்கம். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் போரிட்ட செனகல் வீரர் ஒருவரின் மார்பளவு ரெசின் (வார்ப்புப் பிசின்) உருவத்தை மூன்று வாரமாகத் தீட்டி வருகிறேன். 1/10 அளவு என்பதால் தலை இரண்டேகால் சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். ஆனாலும் இமை மடிப்பும் உதட்டோரச் சுருக்கமும் அவ்வளவு நேர்த்தியாகச் செதுக்கப்பட்டிருப்பதால், என் வண்ணம் அவற்றைக் கெடுப்பதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அதன்மேல் வயேஹோ நிறுவனத்தின் மாடல் கலர் என்ற அக்ரிலிக் வண்ண வரிசையிலுள்ள மஹோகனி பிரவுனை (வண்ண எண் 70.846) மிக மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். பிறகு அதே நிறத்தில் சிறிது சிறிதாக வெள்ளை கலந்து நெற்றி, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு ஆகிய இடங்களை வெளுப்பாக்கினேன். காய்ந்து பார்த்தால் முகம் முழுவதும் திருநீறு பூசியதுபோல் இருக்கிறது. எங்கே பிழை?

பதில் 1:

மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத காப்புப் பூச்சு) தெளித்தீர்களா? காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் அதைத் தெளித்தால் பனி படிந்தாற்போல் வெளுத்துப்போகும்.

கேட்டவர்:

இல்லை ஐயா, வார்னிஷ் இன்னும் தொடவே இல்லை.

பதில் 2:

அப்படியானால் கோளாறு கலவையிலும் அடித்தளத்திலும் சேர்ந்தே இருக்கிறது, நண்பரே. வெள்ளை வண்ணத்திலுள்ள டைட்டேனியம் நிறமி ஒரு நிறத்தை வெளுக்க வைப்பதோடு நிற்பதில்லை. அதன் செறிவைக் குறைத்துக் குளிர்ந்த சாயலுக்கும் இழுத்துவிடும். போதாக்குறைக்கு, வெள்ளை கலந்த மெல்லிய பூச்சு கறுப்பின்மேல் படிந்தால் நீலச் சாயல் காட்டும். இருண்ட மலையடிவாரத்தில் எழும் விறகுப் புகை நீலமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். அக்ரிலிக் காயும்போது சற்றே கருமையடையும் என்பதால், போதவில்லை என்று எண்ணி மேலும் வெள்ளையைச் சேர்த்திருப்பீர்கள் என்றும் ஊகிக்கிறேன்.

இப்போதுள்ள பூச்சின்மேல் மஹோகனி பிரவுனை ஒளி ஊடுருவாதபடி இரண்டு மூன்று முறை பூசி, கறுப்பை முழுவதும் மறையுங்கள். அங்கிருந்து வெளிச்சத்தை நோக்கி ஏறும்போது வெள்ளையைத் தொடவே வேண்டாம்: முதலில் ஆரஞ்சு பிரவுன் (70.981), அதற்கு மேல் பேஜ் பிரவுன் (70.875), கடைசிப் புள்ளிகளுக்கு மட்டும் துளி ஐஸ் யெல்லோ (70.858). நிழலுக்கும் கறுப்பு வேண்டாம்; மஹோகனியில் டார்க் பிரஷ்யன் புளூவைத் (70.899) தூரிகை நுனியளவு சேர்த்தால் கழுத்தின் அடியும் கண்குழியும் உயிரோடு இருக்கும்.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. நாம் படிக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை வெளிர்ந்த ஐரோப்பியத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வெளிர்ந்த தோலில் ஒளி பரவலாகச் சிதறுவதால் வெளுப்பான பகுதி அகலமாக இருக்கலாம். கருந்தோல் ஒளியின் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்வதால், அதன் வடிவத்தை நமக்குக் காட்டுவது பெரும்பாலும் மேற்பரப்பின் மினுமினுப்புதான். ஆகவே நடுநிறம் முகத்தின் பெரும்பகுதியை ஆளட்டும். வெளிச்சப் புள்ளிகள் சிறியனவாகவும் கூர்மையாகவும் இருக்கட்டும். வெயிலில் உழைத்துவிட்டு வந்த உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சன்னலோரம் அமர்த்தி அவர் நெற்றியைப் பாருங்கள். எந்தப் புத்தகமும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. ஒரு வாரம் உழைத்து மீண்டும் தீட்டினேன்; சாம்பல் அறவே போய்விட்டது. ஆனால் முகம் ஒரே பழுப்பாக, மரச்சிற்பம்போல் தெரிகிறது. செந்நிறம் சேர்க்க முயன்றபோது கன்னத்தில் வட்டக் கறை விழுந்துவிட்டது.

பதில் 2:

கறை விழுந்தது தூரிகையில் நீர் மிகுந்ததால். பர்ன்ட் ரெட் (70.814) ஒரு பங்குக்கு நீர் எட்டுப் பங்கு என்ற அளவில் கரைத்து, தோய்த்த தூரிகையைத் துணியில் ஒற்றியெடுத்த பிறகே முகத்தில் வையுங்கள். தூரிகை எங்கே மேலெழுகிறதோ அங்கேதான் நிறமி மிகுதியாகத் தங்கும். எனவே எங்கே செம்மை வேண்டுமோ அந்தத் திசை நோக்கி இழுக்க வேண்டும். மூக்கின் பக்கங்கள், காதுமடல், கீழிமை, கீழுதட்டின் உட்பகுதி ஆகியவை இரத்த ஓட்டம் தெரியும் இடங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் அடியிலுள்ளது கிளம்பி வரும். விழிவெண்மைக்குத் தூய வெள்ளை வேண்டாம், ஐஸ் யெல்லோவில் துளி பழுப்பு போதும்.

முடிவில் முகம் முழுவதற்கும் மேட் வார்னிஷ் கொடுத்துவிட்டு, நெற்றியிலும் மூக்கு நுனியிலும் கீழுதட்டிலும் மட்டும் லேசாக மினுங்கும் சாட்டின் வார்னிஷைத் தூரிகையால் தொட்டு வையுங்கள்.

கேட்டவர்:

செய்து பார்த்தேன். காது மடலில் நான்காவது பூச்சு காய்ந்தபோது மரம் மறைந்து மனிதர் தெரிந்தார். கன்னத்துக் கறையை மஹோகனியால் மூடித் திருத்திவிட்டேன். வார்னிஷுக்கு மட்டும் ஈரம் குறைந்த ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறேன்.