வாய்தா நாளும் ரவுடி லிஸ்டும்

பொருநைக்கரையான்:
2024 டிசம்பர் 20, பாளையங்கோட்டை கோர்ட் வாசல். வாய்தாவுக்கு வந்த ஒருத்தரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்னாங்க. முந்தின வருஷக் கொலைக்குப் பழின்னு செய்தி வந்தது. எந்த வழக்குக்கு என்னைக்கு வாய்தாங்கிறது கோர்ட் இணையதளத்திலேயே இருக்கு. அதையும் ஊர்ப் பகையையும் சேர்த்து வச்சுப் பாக்கத்தான் ஆள் இல்லை. குற்றத் தகவலை அலசிப் பாக்கப் படிச்சவங்களை ஒவ்வொரு போலீஸ் சப்-டிவிஷனிலும் உட்கார வைக்கணும்.

பாளை வக்கீல்:
அண்ணாச்சி, ஊர்ப் பகைன்னு யார் பேரை எழுதுவாங்க? என் கட்சிக்காரன் ஒருத்தன், 19 வயசுல கோயில் கொடையில் நடந்த அடிதடியில் சிக்கினான். வழக்கில் விடுதலை. ஆனா பேர் இன்னும் போலீஸ் வச்சிருக்கிற ரவுடி லிஸ்டில் கிடக்கு. தேர்தல் வந்தா, கொடை வந்தா நன்னடத்தைப் பிணைக்குக் கூப்பிடுதாங்க. முன்னே குற்ற நடைமுறைச் சட்டத்தில் 110-ஆம் பிரிவு, இப்ப புதுச் சட்டத்தில் 129. வளைகுடா வேலையும் போச்சு. 1911 முதல் 1947 வரை சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்ன பண்ணுச்சுன்னு நம்ம தாத்தாமாருக்குத் தெரியும். சாதியைப் பாத்து, யோசிக்காம லிஸ்டில் ஏத்தக் கூடாதுன்னு 2024 மே மாசம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு.

ஓய்வு ஏட்டு:
போலீஸ்ல ஊர்த் தகவல் சேகரிக்கிற தனிப்பிரிவில் பல வருஷம் இருந்தவன் சொல்லுதேன். ஹிஸ்டரி ஷீட்டை, அதான் ரவுடி லிஸ்டில் இருக்கிற ஆளோட பழைய வழக்குப் பதிவை, பாத்து நான் எந்தக் கொலையையும் தடுத்ததில்லை. செத்தவனுக்கு நினைவு நாள் வரும்போது வெளியூர்ல இருந்த தம்பி திடீர்னு ஊருக்கு வந்திருக்காம்லா, அதை டீக்கடையில் ஒருத்தர் சொன்னார். ரெண்டு வீட்டுக்கும் காவலுக்கு ஆள் போட்டோம். அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். கம்ப்யூட்டரில் ஏறிட்டு. எந்த ரெண்டு வீட்டுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லைங்கிறது ஏறலை. நான் மாறுதலாகிப் போனப்ப அடுத்த பையனுக்குக் கொடுத்தது ஒரு நோட்டு மட்டும்.

பாளை வக்கீல்:
ஏட்டய்யா, அந்த நோட்டு கம்ப்யூட்டருக்குள்ள போறதுதான் எனக்குப் பயம். டீக்கடைப் பேச்சு அங்கே போனா சாட்சி மாதிரி உக்காந்துக்கும். 2022 குற்ற நடைமுறை (அடையாள)ச் சட்டப்படி போலீஸ் எடுக்கிற கைரேகையை 75 வருஷம் வச்சிருக்கலாம். அதிலேயும் விடுதலையானா அழிக்க வழி இருக்கு. இந்தப் பையன் பேரை அழிக்க நாங்க போட்ட மனுவுக்குப் பதிலே வரலை. உங்க நோட்டில் யார் சொன்னது, எவ்வளவு நம்பலாம்னு எழுதுனீங்களா?

ஓய்வு ஏட்டு:
எழுதினேன். நேரில் பாத்தது, நம்பிக்கையான ஆள் சொன்னது, காதில் விழுந்தது, மூணுக்கும் வேற வேற குறி. ஆறு மாசம் ஒண்ணும் நடக்கலைன்னா சிவப்பு மையில் அடிச்சிருவேன். எந்த உத்தரவும் இல்லை, எனக்கு மேல இருந்த எஸ்.ஐ. ஒருத்தர் கத்துக்கொடுத்த பழக்கம்.

பொருநைக்கரையான்:
இதைத்தான் கேக்குதேன். அந்தக் குறியும் ஆறு மாசக் கெடுவும் கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கட்டும்.

பாளை வக்கீல்:
பேரை அடிச்சாச்சுன்னு அந்தப் பையன் கைக்கு ஒரு கடுதாசி வரணும். அது வராதவரைக்கும் நான் எதிர்ப்புதான்.

ஓய்வு ஏட்டு:
நீங்க கேக்கிறது நியாயம் வக்கீலய்யா. ஆனா வாய்தா நாளைப் பாத்துக் கோர்ட் வாசலில் ஆள் போடுதது நாளைக்கே நடக்கலாம். அதுக்குப் புதுசா யார் பேரையும் எந்த லிஸ்டிலும் ஏத்த வேண்டாம்.