அப்பத்தாவைப் படகில் ஏற்றுவது எப்படி?

தேவகோட்டைப் பேரன்:
அப்பத்தாவுக்கு 81 வயது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். பொங்கல் லீவில் தொண்டிப் பக்கம் அலையாத்திக் காடு பார்க்கக் கூட்டிப்போனோம் (ஊர்ப் பெயர் வேண்டாம்). படகுத்துறையில் ஏழு படி, கைப்பிடி கிடையாது, கடைசி இரண்டு படியிலும் பாசி. நானும் தம்பியும் நாற்காலியோடு தூக்கினோம். பாதியிலேயே, "எறக்கி விடுங்கய்யா, நான் கரையில வெத்தலை போட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் மட்டும் போய்வந்தோம். படகில் யாருக்கும் பேச்சே வரவில்லை.

இப்போது அந்தத் துறையைப் புதுப்பிக்கப் போகிறார்களாம், யோசனை எழுதிக் கொடுக்கலாமாம். சாய்தளம் கேட்டால் போதுமா? சிமென்ட் கொட்டினால் காடு கெட்டுவிடும் என்கிறார் மாமா.

காரைக்குடி கொத்தனார் மகன்:
போதாது. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். ஏழு படி என்றால் மூன்றரை அடி, ஆக 42 அடி ஓடும். அப்புறம் தண்ணீர் ஓரிடத்தில் நிற்காதே! கோடையில் நம் ஊருணியில் தண்ணீர் இறங்க இறங்கப் படி கூடிக்கொண்டே போகுமில்லையா, அதே கதைதான். மிதவை மேடை கேளுங்கள், தண்ணீரோடு ஏறி இறங்கும். அந்தக் கடலில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் இணைப்புப் பாலத்தின் சாய்வு ரொம்ப மாறாது. மேடையும் படகின் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும் என்றும் எழுதுங்கள். எல்லாரும் கோட்டை விடுவது அங்கேதான்.

கடலோரத்தான்:
மாமா சொல்வது சரி. அலையாத்தியின் மூச்சுவேர் சேற்றிலிருந்து ஈட்டி மாதிரி மேலே நிற்கும். அதன்மேல் மண்ணோ ஜல்லியோ கொட்டினால் மரம் மூச்சுமுட்டிச் சாகும். தூண் நட்டுப் பலகை போடுவதே நல்லது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் கீழே வெயில் விழும், கடல்புல் பிழைக்கும். ஆவுளியா (கடல்பசு) மேய்வது அதைத்தான். ஆனால் இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டினால் நாற்காலியின் முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும், பலகையும் நாற்காலி போகும் திசைக்குக் குறுக்குவாட்டில் இருக்கவேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்காமல் ஒரு தூண்கூட நட முடியாது, அதையும் கேட்டுவிடுங்கள்.

பட்டணத்து அத்தான்:
மெரினாவில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்கு மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்திவிட்டது. கழற்றி மாட்டுகிற மாதிரி கேளுங்கள், புயல் எச்சரிக்கை வந்தால் கரையேற்றிவிடலாம்.

தேவகோட்டைப் பேரன்:
எல்லாவற்றையும் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். மிதவை ஆடுமா என்று கேட்டார்கள். கொஞ்சம் ஆடும் என்றேன். "அப்ப கைப்பிடிய மொதல்ல எழுது."