ஜெர்மனியில் படிக்கிறவர்கள்: இன்னும் மனதை உறுத்துகிற ஒரு சம்பவம்

செம்னிட்ஸ் மதுரைக்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். போன் தானாக மாறிக்கொள்ளும், நாம் கவனிப்பதுகூட இல்லை. ஊரில் எந்தக் கடிகாரமும் மாறாது. மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிடும்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் கிச்சனில் பாத்திரம் கழுவும் வேலை. அறைக்கு வந்து சாயங்காலம் 5 மணிக்கு வீட்டுக்குக் கூப்பிடுவேன். அங்கே இரவு எட்டரை. அப்பா மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம், ராத்திரி 2 மணிக்கே எழுந்து போகிறவர். எட்டரை வரைக்கும்தான் அவரால் தாங்கும்.

கடிகாரம் மாறிய அந்த ஞாயிறு நான் வழக்கம்போல் 5 மணிக்குக் கூப்பிட்டேன். அம்மா எடுத்ததும் அழுதார். எட்டரையில் இருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். சொல்லி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் நான் சொல்ல வந்தது. அம்மா போனைத் திருப்பிக் காட்டினார். நிலைப்படி பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. சட்டை போட்டு, கண்ணாடியும் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அந்தக் கண்ணாடியை அவர் கணக்கு எழுதவும் என் முகம் பார்க்கவும் மட்டும்தான் போடுவார். "எழுப்ப வேணாம்ப்பா, நீ பேசு, அவருக்குக் கேக்கும்" என்றார் அம்மா. தூங்குகிற மனிதரிடம் பத்து நிமிடம் பரீட்சை பற்றிப் பேசினேன்.

டிரெஸ்டன் கோவைப்பெண்:
படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் செய்ய முடியவில்லை. என்னுடையது வேறு மாதிரி.

எங்கள் வீட்டில் வாசல்படி தாண்டும்போது யாரும் "போறேன்" என்று சொல்லக் கூடாது. பாட்டி விடமாட்டார். "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்ல வேண்டும். நான் காதலித்தவன் பிராக் ஊர்க்காரன். வெள்ளிக்கிழமை ரயிலேறி வீட்டுக்குப் போவான், ஞாயிறு இரவு திரும்புவான். இரண்டரை மணி நேரப் பயணம்தான். முதல் தடவை அவன் "சுஸ்" என்று கையாட்டிவிட்டுப் போனபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. அதனால் "போயிட்டு வர்றேன்" சொல்லிக்கொடுத்தேன். அந்த "ர்றே" அவனுக்கு வராது, நாக்கை உருட்டி ஒரு மாதிரி சொல்வான். வாரா வாரம் பிளாட்பாரத்தில் அவன் சொல்வான், "பார்த்துப் போயிட்டு வா" என்பேன் நான்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மார்ச் மாதம், இனி வேண்டாம் என்று இருவரும் பேசி முடித்தோம். சண்டை ஒன்றும் இல்லை. வழியனுப்பப் போனேன். ரயில் கதவு மூடப் போகிற அந்த பீப் சத்தத்துக்கு நடுவில் அவன் சொன்னான், "போயிட்டு வர்றேன்." எனக்கு வாய் பழகிப்போய், "பார்த்துப் போயிட்டு வா" என்று வந்துவிட்டது.

அந்த வாக்கியத்துக்குள் "வருகிறேன்" என்ற சொல் இருக்கிறது என்று நான் அவனுக்குச் சொன்னதே இல்லை. விடைபெறும்போது சொல்வது என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா?

பெர்லின் சீனியர்:
இங்கே ஏழாவது வருடம் என்ற உரிமையில் சொல்கிறேன், இருவரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மதுரைத் தம்பி, அப்பா உட்கார்ந்தபடி தூங்குவது பாசம்தான். அதைத் தெரிந்துகொண்டும் நீங்கள் அதே 5 மணிக்குக் கூப்பிடுவது சரியில்லை. புதன் அல்லது வியாழன் காலை 7 மணிக்குக் கூப்பிடுங்கள், குளிர்காலத்தில் ஊரில் பதினொன்றரை. அப்பா மார்க்கெட்டில் இருந்து வந்து சாப்பிட்டு முடித்திருப்பார். ஹோட்டலில் ஷிப்ட் மாற்றிக் கேளுங்கள், வாய் திறந்து கேட்டால் இங்கே கொடுப்பார்கள். நம் பிள்ளைகள் கேட்பதே இல்லை. மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி மாறும், அதை இப்போதே வீட்டுக் காலண்டரில் அம்மாவைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

கோவைத் தங்கை, பழக்கத்தில் வந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு அர்த்தம் தேட வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் இங்கே 4 மணிக்கே இருட்டிவிடும், அந்த இருட்டில் மனம் பழசையே சுற்றும். மதியம் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரமாவது நடங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து படியுங்கள். தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடாதீர்கள், வாரத்தில் ஒரு நாளாவது நாலு பேரைக் கூப்பிடுங்கள். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைக்காதீர்கள். காலையில் ஐந்து நிமிடம் அகலத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் நம் சமையல் ஆவிக்குச் சுவரில் பூஞ்சை பிடித்து, காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள்.

என் கதை சின்னது. தாத்தாவை எடுத்த அன்று நூலக மாடிப்படியில் உட்கார்ந்து வீடியோவில் பார்த்தேன். பந்தலில் யாரோ போனைக் கீழே வைத்துவிட்டார்கள். கடைசி இருபது நிமிடம் தென்னங்கீற்று மட்டும்தான் தெரிந்தது, பறைச் சத்தம் கேட்டது.

டிரெஸ்டன் கோவைப்பெண்:
அண்ணா, அக்கறைக்கு நன்றி. ஆனால் நான் வழி கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான். தென்னங்கீற்றை இத்தனை வருடம் கழித்தும் நீங்கள் மறக்கவில்லையே, அதே மாதிரிதான் எனக்கு இதுவும்.

செம்னிட்ஸ் மதுரைக்காரன்:
சீனியர் அண்ணா சொல்வது நியாயம். வார நாளிலும் கூப்பிட்டுப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமைன்னா நாங்க தயாரா இருப்போம்ல" என்கிறார் அப்பா. அவருக்கு அந்த நாள்தான் வேண்டுமாம். ஷிப்ட் மட்டும் கேட்டுப் பார்க்கிறேன்.

டார்ட்மண்ட் திண்டுக்கல்:
ஹம் ஊரில் இருக்கிற காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். 2002இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில், ஈழத்துத் தமிழர்கள் எழுப்பியது. தொழிற்சாலைகள் இருக்கிற பகுதியில் திடீரென்று கோபுரம் தெரியும். தேர்த் திருவிழா சமயத்தில் போயிருந்தேன்.

அந்தச் சமயம் நான் ரொம்பச் சலித்துப்போய் இருந்தேன். விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி வைக்கிற பிளாக்டு அக்கவுன்ட்டில் இருந்து மாதாமாதம் ஒரு தொகைதான் வரும், வாடகை போக ஊருக்கு டிக்கெட் எடுக்க எங்கே மிஞ்சும்? இரண்டு வருடமாக வீட்டைப் பார்க்கவில்லை. அன்னதான வரிசையில் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மா, "தம்பி இந்தியாவோ?" என்று கேட்டார். எதற்கோ அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சும்மா, பைத்தியம் பிடிக்கிறது என்றேன்.

அவர் கரண்டியை நிறுத்தாமலே சொன்னார். "நான் வந்து முப்பத்தெட்டு வருஷம், தம்பி. ஒருக்காத்தான் போனனான். வீடு இருந்த இடத்தில கிணறு மட்டும் கிடந்தது. எட்டிப் பாத்தன், தண்ணி இருந்தது." பிறகு என் தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடட்டே?" என்றார்.

போடுங்கம்மா என்றேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. எந்த ஊர் என்றாவது கேட்டிருக்கலாம். ரயிலில் திரும்பும்போதுதான் அது தோன்றியது. மறு வருடமும் போனேன், அவரைக் காணவில்லை.

ஆகன் திருச்சி:
ரொம்ப நாளாக எழுத நினைத்தது. இங்கே பஸ் டிரைவருக்கு "டாங்கே", கடையில் மீதிச் சில்லறை வாங்கினால் "டாங்கே", கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு "டாங்கே". நல்ல பழக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போனேன். முதல் நாள் ராத்திரி அம்மா தோசை ஊற்றிக் கொண்டுவந்து வைக்க வைக்க, ஒவ்வொரு தோசைக்கும் "தேங்க்ஸ்மா" என்று சொல்லியிருக்கிறேன். எனக்கே தெரியாது.

நாலாவது தோசைக்கு அம்மா தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். கோபமாகக்கூட இல்லை. "ஏன்டா அப்படிச் சொல்ற? நான் யாரோ மாதிரி இருக்குடா" என்றார்.

அடுப்பில் அடுத்த தோசை தீய்ந்துகொண்டிருந்தது. அவர் போய்த் திருப்பிப் போட்டு, கருகினதைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, எனக்குப் புதிதாக ஒன்று ஊற்றினார். அது வந்தபோது நான் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டேன். தொண்டை வரைக்கும் வந்த அந்த வார்த்தையை அடக்குவது எவ்வளவு சிரமமாக இருந்தது என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.